வல்லத்து இஞ்சின் புகையைக் குறைக்கும் வழி

“புகையே விடாத டீசல் இஞ்சின் செய்ய முடியாதாண்ணே?” என்று பாம்பன் கரையில் வல்லம், அதாவது இஞ்சின் வைத்த நாட்டுப்படகு, ஓட்டுகிற இளவட்டங்கள் கேட்பார்கள். முடியாது தம்பி. டீசலே கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்ததுதான். எவ்வளவு சுத்தமாக எரிந்தாலும் லிட்டருக்கு 2.6 கிலோ அளவில் கரியமில வாயு வந்தே தீரும். ஹைட்ரஜனை மட்டும் எரித்தால் கரி இல்லை. ஆனால் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அந்தச் சூட்டில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து நச்சு வாயுவாகும்.

கண்ணுக்குத் தெரிகிற புகையை நாமே பெருமளவு குறைக்கலாம். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நிறத்தைப் பாருங்கள். கறுப்பென்றால் ஊற்றுகிற டீசலுக்குக் காற்று போதவில்லை. முதலில் ஏர் பில்டரைச் சுத்தம் செய்யுங்கள். அடுத்து இஞ்சினுக்குள் டீசலைத் தூவுகிற முனையான நாசில். டீசல் பனி மாதிரி தூவ வேண்டும். சொட்டினால் முழுதாக எரியாது. அதை டீசல் பம்ப் பழுதுபார்க்கிற கடையில் கொடுத்துச் சோதியுங்கள். தூவுகிற இடத்தில் கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

இரண்டும் சரியாக இருந்தும் கறுப்பு நிற்கவில்லையா? வல்லத்தின் அடியைப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் இதை நினைப்பதே இல்லை. கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்கிற சின்னக் கடலுயிரி) ஒட்டியிருந்தால் அந்தச் சுமையை இஞ்சின்தான் இழுக்கிறது. கரையேற்றிச் சுரண்டுங்கள். அளவுக்கு மீறிய புரொப்பல்லர் மாட்டினாலும் இஞ்சின் சுற்று ஏறாமல் திணறும். அப்போது பம்பில் டீசலைக் கூட்டி வைத்தால் வேகம் வராது, கரிதான் வரும்.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கையும் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்தால் பயமில்லை. நிற்காமல் வந்து, கூலிங் தண்ணீரும் குறைந்தால் இஞ்சின் தலைக்கு அடியில் கசிவை அடைக்கிற ஹெட் கேஸ்கெட்டில் சந்தேகம்.

கரையோரம் வலை விட்டுத் திரும்புகிற சின்ன வல்லத்துக்கு மின்மோட்டார் சரிப்படும். நம் மாவட்டத்துக் கமுதியிலேயே 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓடுகிறது. அப்படி வெயிலில் எடுத்த மின்சாரத்தை ஏற்றினால் ஓட்டத்தில் புகையே கிடையாது. ராத்தங்கலுக்கு, அதாவது கடலிலேயே இரவு தங்கிப் பிடிக்கிற தொழிலுக்கு மட்டும் இப்போதைய பேட்டரியின் எடை தாங்காது.

ஆயில் மாற்றும்போது அடியில் தட்டு வையுங்கள். வல்லத்துக்குள் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் இறைக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடற்புல்லில்தான் நண்டும் இறாலும் குஞ்சாக வளர்கின்றன. பழைய ஆயிலைக் கேனில் சேர்த்து, வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.