சுங்குடிச் சேலையில் ஒரு மலாக்கா கெபாயா

மலாக்கா செட்டிகள், மலாக்கா சுல்தான்கள் காலத்தில் அங்கே வணிகத்துக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும், பெண்கள் உடுத்துவது கெபாயாவும் (முன்பக்கம் திறந்த மேல்சட்டை) கைலியும். அந்த நீளக் கெபாயாவை மதுரைச் சுங்குடியில் தைக்கலாம். சுங்குடியும் மதுரைக்குக் குடிபெயர்ந்து வந்த சௌராஷ்டிரர் கைவழி வந்த துணிதானே, பொருத்தம்தான்!

துணி

45 அங்குலமாவது அகலமுள்ள பருத்திச் சேலை. முதலில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, நிழலில் காயவையுங்கள். சாயமிட முடிச்சுப் போட்ட இடங்களில் துணி சுருங்கியிருக்கும். நன்றாக இஸ்திரி போட்ட பிறகே அளவெடுங்கள். சுருக்கத்தோடு வெட்டினால் துவைத்ததும் அளவு மாறிவிடும்.

வெட்டுவது

மார்பளவு 36க்கான கணக்கு இது, எல்லாம் அங்குலத்தில்; தளர்வாகத்தான் இருக்கும். அரை அங்குலத் தையல் இதிலேயே அடக்கம். கெக்கெக் (அக்குள் துண்டு) தவிர எல்லாத் துண்டும் பார்டரிலிருந்து தொடங்கட்டும். கீழ் ஓரம் மடித்தடிக்கும் வேலை இருக்காது.

- உடல்: 17 x 40, இரண்டு
- கை: 17 x 20, இரண்டு
- பெசாக் (பக்கவாட்டுத் துண்டு): உயரம் 32, மேலே 4, கீழே 8, நான்கு. ஒரு ஓரம் நேராக, மறு ஓரம் சாய்வாக
- கெக்கெக்: 4 x 4, இரண்டு

இதற்கு இரண்டேகால் மீட்டர் போதும். முந்தானைப் பக்கம் சால்வைக்கு.

முன்துண்டை நடுவில் நீளவாக்கில் வெட்டுங்கள். கழுத்துக்கு நடுவிலிருந்து இருபுறமும் 3 அங்குலம். பின்னால் முக்கால் அங்குல இறக்கம், முன்னால் 9 அங்குலத்துக்குச் சாய்வு.

தைப்பது

தோள்களை இணையுங்கள். கையின் நடுவைத் தோள் தையலில் வைத்து உடலோடு தையுங்கள். அதற்குக் கீழே பெசாக்கின் நேர் ஓரம்.

அடுத்து கெக்கெக். புதிதாகத் தைப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். அதன் ஒரு ஓரம் கையோடு, அடுத்த ஓரம் பெசாக்கின் மேல்முனையோடு. மூலைக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்தி, ஊசி துணியில் குத்தியிருக்கும்போதே மிஷினின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். ஓரம்வரை ஓட்டினால் அக்குளில் கொசுவம் விழும், பிரிக்காமல் போகாது. பின்பக்கமும் அப்படியே. பிறகு கையையும் பக்கத்தையும் மூடுங்கள்.

முன் ஓரத்துக்கும் கழுத்துக்கும் பார்டரை வைக்க ஆசை வரும். வேண்டாம்; நேர்த்துணி பின்கழுத்தில் வளையாது, விறைத்து நிற்கும். துணியை மூலைவாக்கில் வெட்டிய ஒன்றரை அங்குலக் குறுக்குப் பட்டிதான் படியும்.

பொத்தான் கிடையாது, மூன்று கெரோசாங் (புரூச்) ஊசிகள்தான். ஊசி குத்தும் இடத்தில் பட்டிக்கு உள்ளே ஒரு சிறு துணித்துண்டு வைத்துத் தைத்துவிடுங்கள், இல்லையென்றால் நாலு தடவை உடுத்துவதற்குள் அங்கே ஓட்டை விழும்.