பல் முளைக்கும் குழந்தைக்கு ராகி பிஸ்கட்

ஈறு குறுகுறுக்கும் குழந்தை கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். அதற்கு ராகி பிஸ்கட் வீட்டிலேயே செய்துவிடலாம். ஆறு மாதம் முடிந்து, கோதுமையும் ராகியும் ஏற்கெனவே கொடுத்து ஒத்துக்கொண்ட பிறகு செய்யுங்கள்.

அரை கப் ராகி மாவை வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். அரை கப் கோதுமை மாவு, ஒரு ஸ்பூன் நெய் சேர்த்து, நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்துப் போட்டுப் பிசையுங்கள். தண்ணீர் வேண்டாம், பழத்தின் ஈரமே போதும். மாவு சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மாவு தூவுங்கள். சர்க்கரை, உப்பு எதுவும் தேவையில்லை. தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது, பாட்டி சொன்னாலும்!

தடிமனாகத் தேய்த்து, பெரியவர் விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். குழந்தை முழுக்கையால் பிடித்த பிறகும் நுனி வெளியே நீட்ட வேண்டும், அதுதான் கணக்கு. ஓவனில் 160 டிகிரியில் அரை மணி நேரம். அணைத்த பிறகும் உள்ளேயே விட்டால் நன்றாகக் காயும். ஓவன் இல்லையென்றால் அடிகனமான வாணலியில் ஸ்டாண்டு வைத்து, மூடி, சிறுதீயில் சுடலாம்.

குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். எச்சிலில் ஊறி நுனி பிய்ந்து வந்தாலோ, துண்டு சிறுத்துப்போனாலோ உடனே வாங்கிவிடுங்கள், அழுதாலும் பரவாயில்லை. பழம் சேர்ந்திருப்பதால் கொஞ்சமாகச் செய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.