கழுத்துத் தமனி அடைப்பு: அறுவையா, ஸ்டென்ட்டா?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் வாழும் நம் குடும்பங்களில், மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனியின் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை) அறிக்கை கைக்கு வந்ததும் "அடைப்பு எத்தனை சதவீதம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன், கடந்த ஆறு மாதங்களில் பெரியவருக்கு ஒரு பக்கக் கை தளர்ந்ததா, பேச்சு குழறியதா, ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல் சில நிமிடம் பார்வை மறைந்ததா என்று விசாரியுங்கள். தானாகச் சரியாகிவிட்டாலும் இவை பக்கவாதத்தின் முன்னறிவிப்புகள். இன்று நேர்ந்தால் இன்றே நிம்ஹான்ஸ் போன்ற நரம்பியல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

1991இல் வெளியான நாஸ்செட் ஆய்வில், அறிகுறியோடு 70 முதல் 99 சதவீத அடைப்பும் இருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு இரண்டாண்டுகளில் அடைப்பு உள்ள பக்கத்து மூளையில் பக்கவாதம் வரும் அபாயம் 26 சதவீதமாகவும், அறுவை செய்துகொண்டவர்களுக்கு 9 சதவீதமாகவும் இருந்தது. அந்த அறுவை எண்டார்ட்டெரெக்டமி: கழுத்தைத் திறந்து, தமனியைக் கீறி, உள்ளே படிந்த கொழுப்பை உரித்தெடுப்பது. தமனியின் கீறலை நேரடியாகத் தைப்பதைவிட ஒட்டு (பேட்ச்) வைத்துத் தைத்தால் மீண்டும் சுருங்கும் வாய்ப்பு குறைவு. தமனியைத் துண்டித்து உட்புறம் வெளியே வருமாறு புரட்டிச் சுத்தம் செய்யும் எவர்ஷன் முறைக்கு ஒட்டு தேவையில்லை. ஒட்டு வைப்பது, புரட்டுவது இவ்விரண்டில் உங்கள் மருத்துவர் அன்றாடம் செய்து பழகியதே மேல் என்பது என் கருத்து. அறுவைக்குப் பின் சிலருக்குக் குரல் கம்மும் அல்லது நாக்கு ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும்.

ஸ்டென்ட், அதாவது தமனியை உள்ளிருந்து விரித்து வைக்கும் வலைக் குழாய், வழக்கமாகத் தொடை இடுக்கு வழியாகச் செல்கிறது. வழியில் பெருந்தமனியின் வளைவைக் கடக்கும்போது, முதியவர்களுக்கு அங்குள்ள படிவு உதிர்ந்து மூளைக்குப் போகக்கூடும். இரண்டையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்ட்டில் 4.1, அறுவையில் 2.3 சதவீதம், மாரடைப்போ 1.1, 2.3 என்று தலைகீழாக இருந்தது. ஏறத்தாழ 70 வயதைத் தாண்டியவர்களுக்கு அறுவையே சாதகமாக அமைந்தது. கழுத்தில் முன்பே கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும், கடும் இதய நோய் உள்ளவர்களுக்கும் ஸ்டென்ட் பொருந்தலாம். காரை எலும்புக்கு மேலே சிறு கீறலிட்டு, ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாகத் திருப்பிவிட்டு ஸ்டென்ட் வைக்கும் டிகார் முறை, அந்த வளைவையே தவிர்க்கிறது.

மருத்துவரிடம் அவருடைய சொந்தக் கணக்கைத் தயங்காமல் கேளுங்கள்: சிகிச்சையால் பக்கவாதமோ மரணமோ நேரும் விகிதம் அறிகுறி உள்ளவர்களிடம் 6, இல்லாதவர்களிடம் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அறிகுறி இல்லையென்றால் மாத்திரைகளோடு நிதானமாக யோசிக்க அவகாசம் உண்டு. சிறிய பக்கவாதம் வந்துபோனவருக்கு அந்த அவகாசம் இல்லை. இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை முடிந்தால்தான் முழுப் பலன் கிடைக்கும் என்பதால், ஊர்த் திருவிழா முடியட்டும் என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் அறுவைக்கு முன்போ பின்போ நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.