பாங்காக் அரண்மனையைக் கால வரிசையில் பார்ப்பது எப்படி

ஊரிலிருந்து யார் வந்தாலும் அரண்மனைக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு ஓடினால் வெயில்தான் மிச்சம். கட்டிய காலத்தின் வரிசையில் பாருங்கள்.

காலை எட்டரைக்குத் திறக்கும்போதே வாசலில் இருக்க வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். "இன்று லீவு" என்று வழியில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் சித்தப்பாவை அப்படிச் சொல்லித்தான் ஒரு டுக்-டுக்காரர் நகைக்கடைக்குக் கொண்டுபோய் விட்டார்.

படகில் வந்து தா சாங் துறையில் இறங்குங்கள். யானைத் துறை என்று அர்த்தம். அங்கேயே ஒரு நிமிடம் நின்று அக்கரையைப் பாருங்கள், அதுதான் தோன்புரி. 1767-ல் பர்மியப் படை பழைய தலைநகரான அயுத்தயாவை அழித்த பிறகு தலைநகர் அங்கேதான் இருந்தது. 1782-ல் மன்னர் முதலாம் ராமா அதை இக்கரைக்கு மாற்றினார். இங்கே குடியிருந்த சீனர்களைச் சம்பெங்குக்கு அனுப்பினார்கள். இன்றைய சைனா டவுன் அப்படி வந்தது. அரண்மனை முதலில் மரத்தில் எழுந்தது. பிறகு இடிந்த அயுத்தயாவின் செங்கல்லையே படகில் கொண்டுவந்து கட்டினார்கள்.

உள்ளே போனதும் மரகத புத்தர் கோயிலின் சுற்று மண்டபம். இங்கே மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 178 சுவரோவியங்களில் ராமகியன், அதாவது தாய்லாந்தின் ராமாயணம். வடக்கு வாசலில் தொடங்கி வலமாக நடக்க வேண்டும். முதலில், உழுத மண்ணிலிருந்து சீதையை ஜனகர் எடுக்கிறார். இந்தக் கதையில் அவள் ராவணனின் மகள்! அவன் பெயர் தோட்சகான், நம் தசகண்டன்தான். அனுமன் வெள்ளை வெளேரென்று இருப்பான். சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: கிரீடங்களில் ஒட்டிய தங்கத் தகடு மினுங்கும். ஈரத்தில் சாயம் உரிய உரிய, இவற்றைப் பலமுறை திரும்ப வரைந்திருக்கிறார்கள். அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அடுத்து கோயிலுக்குள் போங்கள். மரகத புத்தர் சிலை சுமார் 66 செ.மீ. உயரம்தான். ஆண்டுக்கு மூன்று முறை, பருவம் மாறும்போது அரசரே சிலைக்கு ஆடை மாற்றுவார். படம் எடுக்கக் கூடாது. பாதம் புத்தர் பக்கம் நீளாமல் மடக்கி உட்காருங்கள்.

வெளியே வந்தால் சக்ரி மாளிகை கண்ணை இழுக்கும். இப்போது வேண்டாம், தாண்டிப் போய் முதலில் துசித் மாளிகையைப் பாருங்கள். 1789-ல் இடி விழுந்து பழைய மாளிகை எரிந்தது. மறு ஆண்டே அதே இடத்தில் இதை எழுப்பினார்கள்.

பிறகு சக்ரிக்குத் திரும்புங்கள். ஐந்தாம் ராமா 1876-ல் தொடங்கி 1882-ல் முடித்தது. மேலே ஐரோப்பியக் குவிமாடம் வைக்கத்தான் நினைத்தார். கடைசியில் தாய் கூரைதான் ஏறியது. நேர் எதிரே நின்று கீழிருந்து மேலாகப் பாருங்கள்: பளிங்கு, வளைவு, தூண் எல்லாம் ஐரோப்பா. உச்சியில் மூன்று தாய் கோபுரங்கள்.