அம்மாவின் நடையில் அளந்து ஓட்டல் பிடிப்பது

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆனாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது ஒரு பெரிய நகரத்துக்கு நாங்கள் இருவரும் கிளம்பிவிடுவோம். ஓட்டல் தேடுவது என் பொறுப்பு. அறை எப்படி இருக்கிறது என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ஓட்டல் வாசலில் கிளம்பி ரயில் பெட்டிக்குள் உட்காரும்வரை அம்மாவுக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பதுதான் என் முதல் கேள்வி.

அது ஒரு பயணத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது. 'ரயில் நிலையம் 400 மீட்டர்' என்று போட்டிருந்தார்கள். பொய்யில்லை, ஜன்னலைத் திறந்தால் பிளாட்பாரமே தெரிந்தது. ஆனால் நடுவில் தண்டவாளம். நிலையத்துக்கு வாசல் அந்தப் பக்கம் மட்டும்தான். மேம்பாலம் ஏறிச் சுற்றிக்கொண்டு போனால் 1.2 கிலோமீட்டர். கைப்பிடியைப் பிடித்தபடி அம்மா ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறியதை என்னால் மறக்க முடியவில்லை.

ஓட்டல் பக்கங்களில் போடும் தூரம் பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரம். கட்டம் கட்டமாகத் தெருக்கள் போட்ட ஊரில்கூட உண்மையில் நடப்பது அதைவிடச் சராசரியாகக் கால் பங்குக்கு மேல் கூடும். மூலைக்கு மூலை போக வேண்டியிருந்தால் 41 சதவீதம் வரை போகும். குறுக்கே ஆறோ தண்டவாளமோ விரைவுச் சாலையோ இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. அதனால் அந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டு, மேப்பில் நடந்து போகும் வழியை நீங்களே போட்டுப் பாருங்கள்.

மேப் சொல்லும் நிமிடம் உங்கள் நிமிடமா என்பது அடுத்தது. ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் நிலையத்துக்கு இத்தனை நிமிட நடை என்று போட, 80 மீட்டருக்கு 1 நிமிடம் என்று விதியே வைத்திருக்கிறார்கள். மேப்புகளின் கணக்கும் ஏறக்குறைய அந்த வேகம்தான். வீட்டுப் பக்கத்தில் 500 மீட்டர் அளந்து அம்மாவை நடக்கவைத்துப் பார்த்தேன்: 11 நிமிடம். அதாவது நிமிடத்துக்கு 45 மீட்டர். அன்றிலிருந்து மேப் 7 நிமிடம் என்றால் எங்களுக்கு 13 என்று எழுதிக்கொள்கிறேன். நீங்களும் உங்கள் கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பாரோ அவரை ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வழி போடும்போது நிலையத்தின் பெயரை மட்டும் கொடுத்தால் போதாது. டோக்கியோவின் ஷின்ஜுக்கு நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். 'நிலையத்தின் பக்கத்தில்' என்றால் எந்த வாசலின் பக்கத்தில்? மேப்பைப் பெரிதாக்கி வாசல் எண்ணைக் கண்டுபிடியுங்கள். அந்த வாசலில் லிஃப்ட் இருக்கிறதா, வெறும் படிக்கட்டா என்று மெட்ரோ நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பாருங்கள். தெருப் படங்கள் இருந்தால் வழி முழுக்க ஒருமுறை பார்த்துவிடுங்கள்: நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, ஏற்றமா, எத்தனை இடத்தில் சாலையைக் கடக்க வேண்டும். உட்கார ஒரு பெஞ்ச் கண்ணில் பட்டால் நான் குறித்துவைத்துக்கொள்வேன்.

தரைக்குக் கீழேயும் நடை உண்டு. உக்ரைனின் கீவ் நகரில் உள்ள அர்செனல்னா மெட்ரோ நிலையம் 100 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருக்கிறது. எஸ்கலேட்டரில் இறங்கவே 5 நிமிடம் பக்கம் ஆகும். எல்லா நிலையமும் அப்படி இல்லை. ஆனால் நாலைந்து தடங்கள் சேரும் பெரிய சந்திப்பில், ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சுரங்கப்பாதை சில சமயம் ஓட்டலுக்கு நடப்பதைவிட நீளமாக இருக்கும். எனக்குப் பிடித்தது அதற்கு ஒன்றிரண்டு நிலையம் தள்ளி உள்ள சின்ன நிலையம். வாசலைத் தாண்டினால் பிளாட்பாரம் வந்துவிடும்.

நகரத்தின் மையத்தில்தான் தங்க வேண்டும் என்று பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்க்கப் போகும் இடங்களை முதலில் எழுதுங்கள். எந்தத் தடம் அவற்றில் அதிகமானவற்றைத் தொடுகிறது என்று பாருங்கள். அந்தத் தடத்தின் மேல் ஓட்டல் கிடைத்தால், ஐந்து நிலையம் தள்ளி இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். ரயிலில் கூடுதலாக உட்காரும் 10 நிமிடம் அம்மாவுக்கு ஓய்வு. தடம் மாறும் 10 நிமிடம் அப்படியில்லை. அதில் படி, கூட்டம், மறுபடி காத்திருப்பது எல்லாம் சேர்ந்துவிடும். ரயில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை. 4 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நேரம் பார்க்காமல் கிளம்பலாம். அரை மணிக்கு ஒன்று என்றால் அந்த நிலையம் வாசலிலேயே இருந்தும் பெரிய பயனில்லை.

மெட்ரோ வரைபடத்தை வைத்துத் தூரத்தை முடிவுசெய்யாதீர்கள். லண்டன் மெட்ரோவுக்காக ஹாரி பெக் வரைந்து 1933-இல் வெளியான பாணியைத்தான் இன்று பல நகரங்கள் பின்பற்றுகின்றன. அது எங்கே ஏறி எங்கே மாறுவது என்று காட்டுவதற்காக வரைந்தது, அளவுக்கு வரைந்ததல்ல. அதே லண்டனில் அடுத்தடுத்த நிலையங்களான லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் நடுவே 300 மீட்டர்கூட இல்லை. அப்புறம், பேருந்தை மறந்துவிடாதீர்கள். முழங்கால் வலிக்காரருக்குத் தாழ்தளப் பேருந்து எந்தச் சுரங்க ரயிலையும்விட நல்லது.

காலையில் எல்லோருக்கும் நடக்கத் தெம்பு இருக்கும். ஓட்டல் சரியான இடமா என்பது மாலையில்தான் தெரியும். அதனால் திரும்பி வரும் வழியை இரவு 9 மணிக்கு என்று வைத்து ஒருமுறை தேடுங்கள். நியூயார்க்கில் சுரங்க ரயில் 24 மணி நேரமும் ஓடுகிறது; பல நகரங்களில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். இரவில் சில வாசல்களை மூடிவிடுவதும் உண்டு.

அதைவிட எங்களுக்கு முக்கியமானது மதியம். போகும் இடங்களில் பாதியாவது ஓட்டலிலிருந்து 20 நிமிடத்துக்குள் இருந்தால், மதியம் வந்து ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டு மறுபடி கிளம்பலாம். இது முடிந்த பயணங்களில் அம்மா இரண்டாவது நாளும் உற்சாகமாக இருந்தார். முடியாத பயணங்களில் மூன்றாம் நாள் அறையை விட்டு வரவில்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதற்காக ஓட்டல் எடுக்க வேண்டாம். நாலு நாளில் அந்த வழி இரண்டே தடவை. நகருக்குள் போய்வருவது எட்டுத் தடவைக்குக் குறையாது. பெட்டியோடு வரும் அந்த இரண்டு தடவைக்கு டாக்சி பிடித்துக்கொள்ளலாம்.

விமர்சனங்களில் 'படி', 'லிஃப்ட்', 'நடை' என்ற சொற்களைத் தேடிப் படிக்கிறேன். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனவர்கள் எழுதியதை விடாதீர்கள். நம் முழங்காலுக்கு வேண்டிய தகவல் அவர்களிடம்தான் இருக்கும். கடைசியாக ஓட்டலுக்கே எழுதிக் கேளுங்கள்: நிலையத்தின் எந்த வாசல் வழியாக வருவது, உங்கள் முகப்பில் எத்தனை படி, லிஃப்ட் தரைத்தளத்திலிருந்தே தொடங்குகிறதா? படிகளை எண்ணிச் சொன்ன ஓட்டலைத்தான் போன தடவை எடுத்தேன். வாசலில் 3 படி, பக்கத்தில் சாய்தளம் என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தபோது அப்படியே இருந்தது.