மேய்ன் மாநிலத்தில் ஈரநிலத்தை ஒட்டி மனை வாங்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஏரிக்கரையிலோ சதுப்புநிலத்தின் ஓரத்திலோ இடம் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே குழப்பத்தால்தான். அந்த நிலத்தின் மேல் அதிகாரம் யாருக்கு, ஊருக்கா மாநிலத்துக்கா? இருவருக்கும் உண்டு. ஆனால் வேலை வெவ்வேறு. 1971-ல் வந்த கட்டாயக் கரையோர மண்டலச் சட்டத்தின்படி விதியை எழுதுவது ஊர், பெர்மிட் கொடுப்பது ஊர், மீறியவர் மீது நடவடிக்கை எடுப்பதும் ஊர்தான். அந்த விதி எந்த அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதை மட்டும் மாநிலம் நிர்ணயிக்கிறது.

பெரிய ஏரிகள், ஆறுகள், கடலோர ஈரநிலங்கள், 10 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள மரமடராத நன்னீர் ஈரநிலங்கள் ஆகியவற்றைச் சுற்றி 250 அடி வரை இந்தச் சட்டம் பாயும். ஓடைகளுக்கு 75 அடி.

தவறான விதிப்புத்தகத்தைப் படிப்பது

இணையத்தில் தேடினால் முதலில் கையில் சிக்குவது ‘அத்தியாயம் 1000’ எனப்படும் மாநில வழிகாட்டு விதிகள். அதைப் படித்துவிட்டு வீட்டு வரைபடம் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அது ஊர்களுக்காக எழுதப்பட்டது. உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்துவது உங்கள் ஊரின் விதி. ஊர் விதி மாநில அளவைவிடக் கடுமையாக இருக்கலாம், அதற்குத் தடையில்லை. மாநிலம் 2015-ல் திருத்திய பகுதிகளை ஊர் இன்னும் சேர்க்காமல் பழைய வாசகத்தையே வைத்திருக்கவும் கூடும். அதனால் ஊர் அலுவலகத்தில் நடப்பிலுள்ள பிரதியைக் கேட்டு வாங்குவதே சரி. அதில் மாநில ஒப்புதல் பெற்ற தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்தத் தேதி வெறும் சடங்கு அல்ல. ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கி நிறைவேற்றிய திருத்தமாக இருந்தாலும், மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையின் ஆணையர் ஒப்புக்கொள்ளும்வரை அது செல்லாது. திருத்தம் கைக்கு வந்த 45 நாட்களுக்குள் அவர் முடிவெடுக்காவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே பொருள். “போன மாதம்தான் ஊரில் தளர்த்திவிட்டார்களாம்” என்று வீட்டுத் தரகர் சொல்வதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: “இந்த ஊரில் ஸோனிங்கே கிடையாது.” எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்று நிலத்தைப் பிரிக்கும் விதிதான் ஸோனிங். மேய்னில் பொதுவான ஸோனிங் இல்லாத சிற்றூர்கள் நிறைய. கரையோர மண்டல விதி இல்லாமல் இருக்க மட்டும் எந்த ஊருக்கும் அனுமதியில்லை. ஊர் எழுத மறுத்தாலோ, எழுதியது குறைந்தபட்ச அளவை எட்டாவிட்டாலோ, மாநிலச் சுற்றுச்சூழல் வாரியமே ஒரு விதியை எழுதி அந்த ஊரின் மேல் வைக்கும். வேடிக்கை என்னவென்றால், அப்படி வைக்கப்பட்ட விதியை நடத்த வேண்டிய பொறுப்பும் அந்த ஊருடையதுதான்.

ஊராட்சி அமைப்பே இல்லாத பகுதிகள் தனிக் கதை. மாநிலத்தின் பரப்பில் ஏறத்தாழப் பாதி அப்படிப்பட்டது. அங்கே ஊர் விதியைத் தேடி அலைய வேண்டாம். நிலப் பயன்பாட்டுத் திட்ட ஆணையம்தான் நேரடியாகப் பார்த்துக்கொள்கிறது.

வரைபடக் கோட்டை நம்புவது

ஊர் வரைபடத்தில் வண்ணம் பூசிய பட்டைக்கு வெளியே உங்கள் மனை இருக்கிறது என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். பல ஊர் விதிகளில் இதற்கென்றே ஒரு வரி இருக்கும்: வரைபடம் தோராயமானது, எல்லையைத் தீர்மானிப்பது தரையில் எடுக்கும் அளவு. ஈரநிலத்தின் மேட்டு விளிம்பிலிருந்துதான், அதாவது ஈரநிலம் முடிந்து மேட்டுநிலம் தொடங்கும் இடத்திலிருந்துதான், அளக்கத் தொடங்க வேண்டும். அதுவும் கிடைமட்டமாக. சரிவில் டேப்பைப் போட்டு இழுத்தால் தூரம் கூடுதலாகத் தெரியும். எல்லைக்கு வெளியே இருப்பதாக நினைத்துக்கொண்டு உள்ளேயே அஸ்திவாரம் தோண்டியிருப்பீர்கள்.

விளிம்பு எங்கே என்பதிலும் சிக்கல் உண்டு. கோடையின் கடைசியில் போய்ப் பார்த்தால் தண்ணீரே இராது. செருப்பு நனையாமல் நடந்து வரலாம். ஈரநிலமா இல்லையா என்பதைத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்து முடிவு செய்வதில்லை. அங்கே என்ன செடி வளர்கிறது, மண் எப்படிப்பட்டது என்பதே அளவுகோல். தகுதியுள்ள மண் நிபுணரை வரவழைத்து விளிம்பில் கொடி நடச் சொல்வது செலவுதான். ஆனாலும் விலை பேசி முடிக்கும் முன்பே செய்ய வேண்டிய செலவு அது.

மரங்கள் அடர்ந்த ஈரநிலங்கள் கரையோர மண்டல வரையறைக்குள் வருவதில்லை. இதைத் தெரிந்துகொண்ட சிலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். மாநிலத்தின் இயற்கை வளப் பாதுகாப்புச் சட்டம் என்று இன்னொன்று இருக்கிறது. ஈரநிலத்தில் மண் கொட்டுவதையும் தோண்டுவதையும் அது தனியாகக் கட்டுப்படுத்துகிறது. அதற்கு மரம் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டில்லை.

75, 250 என்ற இரண்டு எண்களையும் போட்டுக் குழப்பிக்கொள்வதும் வழக்கம். 250 அடி என்பது விதி பாயும் எல்லை. அதற்குள் வீடே கட்டக்கூடாது என்று அர்த்தமில்லை. மாநில வழிகாட்டு விதிகளின்படி, சாதாரணமாக ஈரநிலத்தின் மேட்டு விளிம்பிலிருந்து 75 அடி தள்ளிக் கட்டலாம். பெரிய ஏரி என்றால் 100 அடி. ஆனால் அந்த ஈரநிலம் நீர்ப்பறவைகளுக்கு நடுத்தர அல்லது உயர்ந்த மதிப்புள்ளது என்று மாநில வனவிலங்குத் துறை தரம் பிரித்திருந்தால், சுற்றியுள்ள 250 அடியும் பொதுவாக வளப் பாதுகாப்பு மண்டலமாகிவிடும். அங்கே புதிய வீட்டுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. மனையைக் காட்டும்போது “பறவைகள் நிறைய வரும் சார்” என்று விற்பவர் பெருமையடித்தால், அந்தத் தரப்பட்டியலைத் தேடிப் பாருங்கள்.

மரம் வெட்டுவது

கட்டடத்தில் தவறு செய்கிறவர்களைவிடக் கோடாரியில் தவறு செய்கிறவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. கட்டடத்துக்கு பெர்மிட் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சொந்த மனையில் நாலு மரம் வெட்டுவதற்கு விதி இருக்கும் என்று தோன்றுவதில்லை.

விளிம்பிலிருந்து 75 அடிப் பட்டை தாங்கல் பட்டை, அதாவது தண்ணீரைக் காக்க மரம் செடிகளோடு விட்டுவைக்க வேண்டிய இடம். பெரிய ஏரிக்கு 100 அடி. அதில் மரக்கிளைகளின் கூரையில் 250 சதுர அடிக்கு மேல் ஓட்டை விழக்கூடாது. மரங்களுக்குப் புள்ளிக்கணக்கு உண்டு. 25 அடிக்கு 50 அடி என்று ஒரு செவ்வகம் போட்டுக்கொண்டு அதிலுள்ள மரங்களை எண்ண வேண்டும். 2 முதல் 4 அங்குலத்துக்குள் விட்டமுள்ள மரத்துக்கு 1 புள்ளி, 4 முதல் 8-க்குள் 2, 8 முதல் 12-க்குள் 4, அதற்கு மேல் 8. வெட்டிய பிறகும் ஈரநிலக் கரையில் 16 புள்ளியாவது மிஞ்ச வேண்டும், பெரிய ஏரிக்கரையில் 24. பருத்த மரம் ஒன்றைச் சாய்த்தாலே பாதிக்கணக்கு போய்விடலாம்.

மூன்றடிக்குக் குறைவான செடிகளையும், தரையில் கிடக்கும் சருகையும் தொடக்கூடாது. ‘குப்பையாக இருக்கிறதே’ என்று சுத்தம் செய்து புல்தரை போடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் மீறல். மழைநீரோடு வரும் பாஸ்பரஸைத் தண்ணீரில் இறங்கவிடாமல் பிடித்து வைப்பது அந்தச் சருகும் வேரும்தான். ஏரியில் பாசி பூப்பதற்கு முக்கியக் காரணம் அந்த பாஸ்பரஸ். தண்ணீருக்கு இறங்க நடைபாதை போடலாம், 6 அடி அகலத்துக்கு மேல் போகாமல். நேர்கோடாக வெட்டாமல் வளைத்து விடுங்கள். கிளைகளைக் கழிப்பதானால் மரத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் மட்டும்.

வெட்டிவிட்டு அபராதம் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அபராதம் நாள்கணக்கில் ஏறும். அதோடு மரங்களைத் திரும்ப நட வேண்டியும் வரும்.

ஊர் பெர்மிட்டே கடைசி என்று நினைப்பது

ஊர் கொடுத்த பெர்மிட் ஊர் விதிக்கு மட்டுமே. முன்பு சொன்ன இயற்கை வளப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாநிலத்திடம் தனியாகப் போக வேண்டும். ஈரநிலத்தை நிரப்பும் வேலைக்கு ராணுவப் பொறியாளர் படையின் கூட்டரசு பெர்மிட்டும் தேவைப்படலாம். 2023 மே மாதம் சாக்கெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூட்டரசின் கையைக் கணிசமாகக் குறுக்கிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்து ‘இனி ஈரநிலத்துக்கு விதியே இல்லை’ என்று முடிவுகட்டியவர்களைப் பார்க்கலாம். மேய்னின் சட்டங்கள் கூட்டரசுச் சட்டத்தின் மேல் நிற்கவில்லை. தீர்ப்பு அவற்றைத் தொடவில்லை.

மாநிலம் மேற்பார்வையிடுகிறது என்றால் ஒவ்வொரு பெர்மிட்டையும் சரிபார்க்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விதிவிலக்கு கேட்டு வந்த மனுவை மட்டும் ஊர் முடிவெடுப்பதற்கு 20 நாட்களுக்கு முன்பே ஆணையருக்கு அனுப்ப வேண்டும். அவர் கருத்து எழுதினால் அது பதிவில் சேரும். முடிவு ஊரின் மேல்முறையீட்டுக் குழுவுடையது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தவறாக பெர்மிட் கொடுத்துவிட்டார்கள் என்று மாநிலத் துறைக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தால் காலக்கெடு கடந்துவிடும். முறையீட்டுக் குழுவுக்குப் பொதுவாக 30 நாட்கள், அங்கிருந்து உயர்நிலை நீதிமன்றத்துக்கு 45 நாட்கள். என்னைக் கேட்டால், இந்த மேற்பார்வை விதியின் வாசகத்தில் பலமானது, தரையில் மெலிந்தது. சிற்றூர்களில் விதி அமலாக்க அலுவலர் பகுதிநேர ஊழியராக இருப்பது சகஜம்.

பழைய விடுமுறை வீட்டை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. தண்ணீரை ஒட்டி முன்பே நிற்கும் கட்டடம் நிற்கலாம். அதை இடித்துவிட்டாலோ, சந்தை மதிப்பில் பாதிக்கு மேல் சேதமானாலோ, 18 மாதங்களுக்குள் பெர்மிட் வாங்கியாக வேண்டும்; முடிந்த அளவு பின்னால் தள்ளிக் கட்டச் சொல்லவும் செய்வார்கள். முதலில் இடித்துவிட்டுப் பிறகு யோசிக்கும் வேலை இங்கே ஆகாது.

ஒரு கன கஜத்துக்கு மேல் மண்ணைப் புரட்டும் ஒப்பந்தக்காரர், 2013 முதல், மண்ணரிப்புத் தடுப்பில் மாநிலச் சான்றிதழ் பெற்ற ஒருவரைக் களத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன் கரைச் செடிகளையும் மனையையும் படமெடுத்து ஊரில் கொடுக்க வேண்டும். முடிந்த 20 நாட்களுக்குள் இன்னொரு முறை.