டிக்கெட்டில் திசை இருக்காது: சேப்பாக்கத்தில் எங்கே உட்காருவது?

மார்ச் மாதம் பிறந்தால் போதும், ஐ.பி.எல். டிக்கெட்டுக்காக எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் யாராவது ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார். போன வருடம் அக்கா மகன். "மாமா, சேப்பாக்கம் டிக்கெட் ஓப்பன் ஆயிட்டு. எந்த ஸ்டாண்டு வெல கம்மின்னு பாத்து சொல்லுங்க, சீக்கிரம்." நான் கேட்டது ஒன்றுதான்: "மேட்ச் எத்தனை மணிக்கு?" அவனுக்கு எரிச்சல். மணிக்கும் ஸ்டாண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முகத்திலேயே தெரிந்தது.

சம்பந்தம் நிறைய இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய், நாலு மணி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். விலையைப் பார்த்து சீட் எடுக்காதீர்கள், திசையைப் பார்த்து எடுங்கள். ஆனால் டிக்கெட்டில் ஏ, பி, சி என்று எழுத்துதான் இருக்குமே தவிர, கிழக்கு மேற்கு இருக்காது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் பிட்ச். உலகத்தில் பெரும்பாலான கிரிக்கெட் மைதானங்களில் அந்த 22 கஜ பிட்ச் ஏறக்குறைய வடக்கு தெற்காகத்தான் கிடக்கும். சாயங்கால வெயில் பேட்ஸ்மேன் கண்ணில் நேராக அடிக்கக் கூடாது, அதற்காகத்தான். ஆட்டக்காரருக்கு இந்தச் சலுகை உண்டு, நமக்குக் கிடையாது. மைதானம் வட்டமாக இருப்பதால் யாராவது சிலர் மேற்கைப் பார்த்து உட்கார்ந்தே ஆக வேண்டும். மத்தியானம் மூன்றரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்குக் கிழக்குப் பக்க ஸ்டாண்டில் சீட் எடுத்தால் அந்தச் சிலரில் நீங்களும் ஒருவர். சூரியன் மறையும்வரை கையை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும், நேரம் ஆக ஆக ஸ்டாண்டின் நிழலே நம் மேல் விழும். ராத்திரி ஏழரை மணி ஆட்டம் என்றால் இந்தக் கவலை இல்லை. டெஸ்ட் மேட்ச் என்றால் கதை தலைகீழ்: காலை வெயில் மேற்கில் உட்கார்ந்தவர் முகத்தில் விழும், மத்தியானத்துக்கு மேல் எதிர்ப்பக்கத்துக்காரருக்கு.

சேப்பாக்கத்தில் திசை கண்டுபிடிக்க காம்பஸ் வேண்டாம். பக்கிங்காம் கால்வாயும் பறக்கும் ரயில் பாதையும் இருக்கும் பக்கம் கிழக்கு. அதையும் தாண்டிப் போனால் மெரினா. கடற்கரையிலிருந்து அண்ணா சாலை பக்கம் போகிற வாலாஜா சாலை வடக்கில். ஆக, ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் மேற்கு. டிக்கெட் தளத்தில் காட்டும் படத்தை மொபைலில் திறந்து, பக்கத்திலேயே கூகுள் மேப்பைத் திறந்து, ரெண்டையும் ஒரே திசைக்குத் திருப்பிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஒருத்தரும் செய்வதில்லை.

அடுத்தது காற்று. இதில் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். சங்கர் நகர் மைதானத்துக்கு, அதாவது தாழையூத்து சிமெண்ட் ஆலை வளாகத்து மைதானத்துக்கு, டி.என்.பி.எல்., அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக், பார்க்கப் போயிருப்பீர்கள். இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி 1946இல் தொடங்கி, 1949இல் அங்கே ஆலையை ஓட்ட ஆரம்பித்தது. அந்த ஆலை ஊருக்குள் இருக்கிற மைதானத்துக்கு 2016இல் முதல் டி.என்.பி.எல். சீசனே வந்துவிட்டது. அந்த வருடம் ஆடிய மைதானங்களே சேப்பாக்கம், நத்தம், சங்கர் நகர் மூன்றுதான். சேப்பாக்கம் மாதிரி மாடி மாடியாக எழுந்த கான்கிரீட் இங்கே இல்லை, அதனால் காற்று தடையில்லாமல் வரும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, இறங்கும்போது குற்றாலத்தில் சாரல், கயத்தாறில் காற்றாலை, தாழையூத்தில் புழுதி.

அங்கே ஒரு தடவை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி ஒருவர், டாஸ் போடும் முன்னால் தோளில் கிடந்த துண்டை எடுத்து முன்னால் இருந்த கம்பியில் ஒரு முனையை மட்டும் முடிந்தார். துண்டு விறைத்துக்கொண்டு கிழக்கே நின்றது. "இன்னைக்கு அந்த முனையில நிக்குற வலதுகைக்காரன் லெக் சைடு தூக்குனான்னா பந்து கங்கைகொண்டான்ல போயி விழும், பாத்துக்கிட்டே இரும்வே" என்றார். சொன்னபடியேதான் நடந்தது, கங்கைகொண்டானைத் தவிர. கணக்கு இதுதான்: வடக்கு முனையில் நின்று தெற்கே பார்த்து ஆடும் வலதுகை ஆட்டக்காரருக்கு லெக் சைடு, அதாவது அவர் முதுகுப் பக்கம், கிழக்கு. மேல்காற்று அடித்தால் அவர் தூக்கும் பந்தைக் காற்று தள்ளிக்கொண்டு போகும். அதே ஆள் எதிர்முனைக்கு வந்தால் லெக் சைடு மேற்கு, காற்றை எதிர்த்து அடிக்க வேண்டும், பந்து எல்லைக் கோட்டுக்கு முன்னாலேயே ஃபீல்டர் கையில் இறங்கும்.

சேப்பாக்கத்தில் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து, கிழக்கிலிருந்து. அதாவது மேற்கில் உட்கார்ந்தால் வெயில் முதுகில், கடற்காற்று முகத்தில். இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே ஒரு எச்சரிக்கை: மே மாதக் கடைசியில் நமக்குக் குளிர்ச்சி கொடுக்கிற அதே மேல்காற்று, நாட்டைக் குறுக்கே தாண்டிச் சென்னைக்குப் போய்ச் சேரும்போது அனல்காற்றாகி, கடற்காற்றை உள்ளே விடாமல் மல்லுக்கு நிற்கும். அன்றைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் புழுக்கம்தான்.

இந்தக் காற்று விஷயம் மைதானத்தைக் கட்டியவர்களுக்கும் தெரியும். சேப்பாக்கத்தில் முன்பு பெரிய கான்கிரீட் கூரையும் அதைத் தாங்கும் தூண்களும் இருந்தன. 2009இல் தொடங்கிய புதுப்பிப்பில், லண்டனைச் சேர்ந்த ஹாப்கின்ஸ் ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில், ஐ, ஜே, கே என்று மூன்று புது ஸ்டாண்டுகள் வந்தன. கூரைக்கு கான்கிரீட் கிடையாது. டெஃப்ளான் பூசிய கண்ணாடியிழைத் துணி, வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே விடும், எஃகுக் கம்பிவடத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் குடைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். ஸ்டாண்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள், காற்று நுழைய. நம் பழைய வீடுகளில் வாசல் கதவையும் புறவாசல் கதவையும் நேருக்கு நேர் வைப்பார்களே, அதே புத்திதான். இவ்வளவு செலவழித்துக் கட்டிய அந்த மூன்று ஸ்டாண்டுகள் அனுமதிச் சிக்கலில் பல வருடம் பூட்டிக் கிடந்தது தனிக் கதை. அப்போதைய ஐ.பி.எல். ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்தால் ஆளில்லாத இருக்கை வரிசைகள் பளிச்சென்று தெரியும். 2023 மார்ச்சில் கலைஞர் பெயரில் இன்னொரு ஸ்டாண்டும் திறந்தார்கள்.

தூணைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், ஒரு மைதானத்தில் எனக்குத் தூணுக்குப் பின்னால் சீட் கிடைத்தது. பவுலர் ஓடி வருவது தெரியும், பேட்ஸ்மேன் தெரியமாட்டார். அன்று முழுக்க நான் பார்த்தது பந்து போடுவதை மட்டும்தான், அடித்தாரா இல்லையா என்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். பழைய கான்கிரீட் கூரை உள்ள மைதானம் எதுவானாலும், டிக்கெட் எடுக்கும் முன் அந்த ஸ்டாண்டின் உள்ளிருந்து யாராவது எடுத்துப் போட்ட போட்டோவைத் தேடிப் பாருங்கள்.

சரி, எந்த வரிசை? ரொம்பக் கீழே வேண்டாம். கீழ் வரிசையில் விளம்பரப் பலகையும், எல்லைக் கோட்டில் நிற்கும் ஃபீல்டரின் முதுகும், கம்பி வலையும்தான் அதிகம். பந்து தரையோடு போகிறதா மேலே போகிறதா என்றே பிடிபடாது. ஸ்டாண்டு வரைபவர்கள் முன்னால் இருப்பவர் தலைக்கு மேல் நம் பார்வை எத்தனை சென்டிமீட்டர் தாண்டிப் போகிறது என்று ஒவ்வொரு வரிசைக்கும் கணக்குப் போடுவார்கள், பொதுவாக 6 முதல் 12 செ.மீ. பின்னால் போகப் போக அந்த அளவைக் காப்பாற்ற வேண்டுமானால் படி செங்குத்தாகிக்கொண்டே போக வேண்டும். சேப்பாக்கத்தின் புது ஸ்டாண்டுகள் 36 டிகிரி சாய்வு. சாதாரண வீட்டு மாடிப்படியை விடக் கொஞ்சம் செங்குத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குப் பிரமாதம், முட்டுவலிக்கு ஆகாது. அப்பாவையோ ஆச்சியையோ கூட்டிப்போனால் மேல் தளத்து டிக்கெட் எடுக்காதீர்கள், ஏறும்போதாவது மூச்சு வாங்கும், இறங்கும்போது பயமே வந்துவிடும். பொதுவாக நடு வரிசைதான் என் கட்சி.

பக்கவாட்டிலா, பவுலருக்குப் பின்னாலா? சேப்பாக்கத்தில் இந்தக் கேள்விக்கு வரலாறே பதில் சொல்லும். இங்கே முதல் டெஸ்ட் நடந்தது 1934 பிப்ரவரியில். அதே வருடம் நவம்பர் 4ஆம் தேதி, மெட்ராஸும் மைசூரும் ஆடிய முதல் ரஞ்சி ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட். 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது இங்கேதான், இங்கிலாந்தை இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில். வினு மன்கட் 12 விக்கெட். 1956லிருந்து 1965வரை மெட்ராஸ் டெஸ்டுகள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டு, 1967இல் திரும்பச் சேப்பாக்கம் வந்தன. 1988 ஜனவரியில் நரேந்திர ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட். 2001இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹர்பஜன் 15. மன்கட், ஹிர்வானி, ஹர்பஜன் மூவருமே சுழற்பந்துக்காரர்கள். இந்த மண்ணில் பந்து திரும்புவதைப் பார்க்கத்தான் நாம் போகிறோம், அதைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கவே முடியாது. பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்து எவ்வளவு எழும்புகிறது, ரன் அவுட்டா இல்லையா, இதெல்லாம் தெரியும். எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்பது பவுலர் கைக்கு நேர் பின்னால் இருப்பவருக்குத்தான் தெரியும்.

மண் என்றதும் சொல்ல வேண்டும்: சேப்பாக்கத்தில் செம்மண் பிட்சும் உண்டு, கரிசல் மண் பிட்சும் உண்டு. கோவில்பட்டி பக்கம் கரிசல் காட்டில் நடந்தவருக்கு அந்த மண்ணின் குணம் தெரியும், ஈரத்தில் ஊதும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், பந்து மெதுவாகத் தாழ்ந்து வரும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மாதிரி சிவப்பாகத் தெரிந்தால் பந்து எழும்பும் என்று எதிர்பார்க்கலாம். மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் பிட்சின் நிறத்தைப் பாருங்கள், அப்புறம் பாப்கார்ன்.

இப்போது மேற்கும் வேண்டும், பவுலருக்குப் பின்னாலும் வேண்டும் என்றால் என்ன செய்வது? இதற்கு விடை நம் டவுனிலேயே இருக்கிறது. ஆனித் தேருக்கு விவரம் தெரிந்தவர் ரத வீதியின் நடுவில் நிற்க மாட்டார், வாகையடி முக்கில்தான் நிற்பார். தேர் வருவதும் தெரியும், திரும்புவதும் தெரியும், போவதும் தெரியும். மைதானத்திலும் அதே முக்குதான்: வடமேற்கு மூலை அல்லது தென்மேற்கு மூலை, நடு வரிசை. வடக்கில் பட்டாபிராமன் கேட் முனை, தெற்கில் அண்ணா பெவிலியன் முனை, அந்த இரண்டிலிருந்தும் மேற்குப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து வரும் ஸ்டாண்டுகளைப் பாருங்கள். பவுலருக்குப் பின்னால் நிற்கும் பெரிய திரையான சைட் ஸ்கிரீன் மறைக்காது, சுழலும் ஓரளவு தெரியும், வெயிலும் இல்லை.

போகும் வழி சுலபம். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். வந்தே பாரத்தில் காலையில் கிளம்பினால் மதியம் போய்விடலாம், ஏழரை மணி ஆட்டத்துக்கு அது போதும், மூன்றரை மணி ஆட்டத்துக்கு அதை நம்பாதீர்கள், வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் முதல் பத்து ஓவர் காலி. எழும்பூரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலையோடு நடக்கலாம், இல்லையென்றால் பூங்கா நகர் நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம். தண்ணீர் பாட்டில், பெரிய பை எல்லாம் வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள், அறையிலேயே விட்டுவிடுங்கள். துண்டுக்குத் தடையில்லை.

முடிந்ததும் கூட்டத்தோடு எழுந்து ஓட வேண்டாம். ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் படிகள் காலியாகிவிடும். அக்கா மகன் போன வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தானாம், தென்மேற்கு மூலையில், விளக்கை ஒவ்வொன்றாக அணைக்கும்வரை. ஊருக்கு வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "மாமா, அடுத்த மேட்ச் எத்தன மணிக்கு?"